அழுத்தாமல் வை

தேர்வுக்கு இருபத்தோரு நாள்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
கூட்ஸ் வண்டி எங்கோ தொடங்கி,
கிட்டே வந்து, உச்சம் தொட்டு,
தேய்ந்து போகிறது.
ஸ்கூட்டியின் பின்சீட்டிலிருந்து டெல்பின் கத்துகிறாள்:
"அயோர்டிக் ஸ்டெனோசிஸ்டீ!
கழுத்து வரைக்கும் ஏறும், மறந்துடாத."
பக்கத்து ஆட்டோக்காரர் மெல்லத்
தன் கழுத்தைத் தடவிக்கொள்கிறார்.

மற்றதெல்லாம் பிடிபட்டுவிட்டது.
சரியாக மூடாத மிட்ரல்
லப்பில் பிடித்து டப் வரை ஒரே மட்டத்தில் ஊதி
அக்குள் பக்கம் ஓடும்.
ஒழுகும் அயோர்டிக் என்றால்
முன்னால் சாயச் சொல்லி
மூச்சை விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும்.
டப்புக்குப் பின்னால் மெல்லிசாய் ஒன்று கரையும்,
யாரோ சொல்ல வந்ததைச்
சொல்லாமல் விட்டதுபோல.

குறுகிய மிட்ரல் மட்டும்
எனக்குக் கேட்கவே இல்லை.

பதினேழாம் கட்டில், பரிபூரணம்.
முப்பத்திரண்டு வயது. காசிமேட்டில் இறால் உரிப்பவள்.
சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்க வந்த காய்ச்சல்
வால்வில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.
சொல்வதற்கு முன்பே இடது பக்கம் ஒருக்களித்தாள்.
"காலைலேர்ந்து பதினோரு பேரு.
அல்லாருக்கும் கேட்டுச்சாம். உனுக்கு?"
கேட்டது என்றேன்.
அவள் என்னையே பார்த்தாள்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில்,
துறைமுகத்துக்கு வரிசை கட்டிய கன்டெய்னர் லாரிகளின் ஓரம்.
எஞ்சினை அணைக்காமல் இரவெல்லாம் நிற்கும்.
ஜன்னல் கம்பி அதிரும்.
டம்ளருக்குள் ஸ்பூன் அதிரும்.
நான் பிறந்த ராத்திரியும் அப்படித்தானாம்.
எங்கள் வீட்டில்
அதற்குப் பெயர் நிசப்தம்.

வாடகை உயர்வு கேட்டு லாரிகள் ஸ்ட்ரைக் போன அன்று
மூன்று மணிக்குத் திடுக்கிட்டு எழுந்தேன்.
சைக்கிள் அருகே அப்பா உட்கார்ந்திருந்தார்.
டிரைவர்களுக்குக் கொண்டுபோன டீ கேன்
போனபடியே நிரம்பி வந்திருந்தது.
"என்னாச்சுப்பா?"
"ஒண்ணும் கேக்கல பாரு.
தூக்கம் வரல."

ஐந்தாம் நாள் விடியுமுன்
முதல் வண்டி ஸ்டார்ட் ஆனது.
காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்தது.
பல் துலக்கக்கூட இல்லை,
ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

பெல் பக்கம் திருப்பினேன்.
இலை மேல் தண்ணீர் நிற்பதுபோல் வைத்தேன்;
அழுத்தினால் தோல் இறுகி, அடி ஒலி ஓடிவிடும்.
இடது கட்டைவிரல் கழுத்து நாடியில்.
நாடி எழும் இடத்தில் லப், சுவரில் அறைந்ததுபோல்.
டப்.
தாழ்ப்பாள் விலகும் ஒரு சின்னச் சொடுக்கு.
பிறகு
நிற்கிறது லாரி, எஞ்சின் ஓட,
பதினெட்டுச் சக்கரத்தோடு, அந்த நெஞ்சுக்குள்.
அடுத்த லப்புக்குச் சற்று முன்
யாரோ ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள்.

"கெட்ச்சிருச்சா?"
"கெடச்சிடுச்சுக்கா!"
வார்டே திரும்பும்படி சொல்லிவிட்டேன்.
அவள் சிரித்தாள். மாடியேறி வந்தவள்போல்
இடையில் நிறுத்தி மூச்சு வாங்கி,
மீதியையும் சிரித்தாள்.
என்ன கிடைத்ததற்குக் குதித்தேன் என்பது
கேன்டீனில், இரண்டாவது இட்லியில்தான் உறைத்தது.

பரீட்சையில் எனக்கு விழுந்தது
வேறு கட்டில், வேறு ஓட்டை.
பாஸ்.
வெளியே வரும்போது படிக்கட்டில் பரிபூரணம்,
கையில் தேதி எழுதிய சீட்டு.
"பலூன் வுட்டு வாசலைப் பெருசாக்கறாங்களாம், செவ்வாக்கெயம."
சீட்டை நான்காக மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு
மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்:
"அப்பால ஒண்ணும் கேக்காதாமே.
அடுத்த வருசத்துப் புள்ளைங்க
இன்னா பண்ணும்?"